திட்டு வாங்காத மகள்

என் தம்பி மனைவியின் மீது எனக்குப் பொறாமை. இதை நேராகச் சொல்லிவிடுவதுதான் நல்லது. சுற்றி வளைத்தால் ஏதோ தத்துவம் பேச வருகிறேன் என்று நினைத்துக்கொள்வீர்கள். அவளிடம் பொறாமைப்படும்படி என்ன இருக்கிறது என்று கேட்டால், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நல்ல புடவை நாலு கிடையாது. நிரந்தர வேலை கிடையாது. நூறு நாள் வேலைக்குப் போய்க் கண்மாயில் மண் சுமந்து இடுப்பு வலியோடு வருகிறாள். ஆனால் என் அப்பா அவளைத் திட்டுகிறார். என்னைத் திட்டுவதில்லை.

நான் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். வீடு நாகமலை புதுக்கோட்டையில். அப்பா மேலூருக்கும் அந்தப் பக்கம், நான் பிறந்த ஊரிலேயே, தம்பி வீட்டில் இருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மொத்த மதுரையும் கிடக்கிறது. பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ், மாட்டுத்தாவணியில் ஒரு பஸ், மேலூரில் ஒரு மினி பஸ் என்று ஏறி இறங்கி, ஆப்பிளும் சத்துமாவு டப்பாவும் தூக்கிக்கொண்டு நான் போய்ச் சேரும்போது அங்கே பெரும்பாலும் சண்டை நடந்துகொண்டிருக்கும்.

"இது காப்பியா, கழுநீரா?" என்று அப்பா கேட்பார்.

"மாட்டுக்குக் கழுநீர் வைக்காம வேற என்னத்த வைப்பாக?" என்று அடுப்படியிலிருந்து அவள் பதில் சொல்வாள்.

அப்பா சிரிக்க மாட்டார். கோபப்படவும் மாட்டார். டம்ளரைக் காலி செய்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்று என்று நீட்டுவார். அதற்குள் என்னைப் பார்த்துவிடுவார். உடனே மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, குரலை இறக்கி, "வாம்மா. வெயில்ல வந்தியா? மாப்ள சௌக்கியமா?" என்பார். எனக்கு அப்படியே திரும்பி மினி பஸ் ஏறிவிடலாமா என்று இருக்கும். சின்ன வயதில் என்னை அவர் 'ஏ கழுதை' என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமாகி மறுவீடு வந்த அன்று அந்தக் கழுதை எங்கேயோ காணாமல் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் தேடிப் பார்த்ததில் கிடைக்கவே இல்லை.

என் முனைவர் பட்ட ஆய்வு இங்கிலாந்தின் ஏழைகள் சட்டங்களைப் பற்றியது. நானாகத் தேடிப்பிடித்த தலைப்பு இல்லை. என் நெறியாளரிடம் அந்த விஷயத்தில் ஓர் அலமாரி நிறையப் புத்தகம் இருந்தது, படிக்க ஆள் இல்லை, நான் அகப்பட்டேன். அப்பா ஊர் டீக்கடையில் போய், "எம் மக வெள்ளக்காரப் பிச்சைக்காரங்களப் பத்திப் பெரிய படிப்புப் படிக்குது" என்று சொல்லிவிட்டார். ரொம்ப நாளைக்கு ஊரில் யாரைப் பார்த்தாலும், அங்கேயும் பிச்சைக்காரன் இருக்கிறானா என்றுதான் என்னிடம் கேட்டார்கள். இருந்தான், நம்மைவிட நிறைய இருந்தான் என்று சொன்னால் அவ்வளவு சந்தோஷப்பட்டார்கள்.

சட்டம் ஒன்றும் பெரிய சிக்கல் இல்லை. ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊருக்குப் பாரிஷ் என்று பெயர். அந்த ஊரில் வசதி உள்ளவர்களிடம் வரி வாங்கி, அந்த ஊரில் முடியாமல் கிடப்பவர்களுக்குக் கஞ்சிக்கு வழி செய்ய வேண்டும். இதைப் பார்த்துக்கொள்ள ஊருக்குள்ளேயே சிலரை மேற்பார்வையாளராகப் போடுவார்கள். கைகால் நன்றாக இருக்கிறவனுக்கு வேலை கொடுக்க வேண்டும். ஊர் ஊராகத் திரிகிறவனுக்குச் சவுக்கடி. வயதான ஒரு மகாராணியின் கடைசிக் காலத்தில் இதெல்லாம் ஒழுங்காகச் சட்டமாகி, இருநூறு வருஷத்துக்கு மேல் ஓடியது. வகுப்பில் நூறு நாள் வேலையையும் முதியோர் பென்ஷனையும் பக்கத்தில் வைத்துச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும். பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் அதில் இருப்பார்கள்.

இந்தச் சட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதிலுள்ள பொறாமைதான். நம் ஊர் வரியை நம் ஊர்க் கிழவிதான் தின்ன வேண்டும், பக்கத்து ஊர்க் கிழவி ஒரு கவளம் தின்றுவிடக் கூடாது என்று ஒவ்வொரு பாரிஷும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காத்தது. வெளியூர்க்காரி ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சியாக வந்து நின்றால், பிரசவ வலி எடுப்பதற்குள் அவளை எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடப் பார்ப்பார்கள். குழந்தை இங்கே பிறந்தால் அது இந்த ஊர்ப் பிள்ளையாகிவிடுமே என்ற பயம். இந்த இடத்தில் வகுப்பில் பெண் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் சுளித்தவள்தான். இப்போது அந்த மேற்பார்வையாளர்களின் மனம் எனக்கு நன்றாகவே புரிகிறது. கொஞ்சமாக இருக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு, அடுத்தவள் கை நீளுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் அவர்கள். நான் அப்பாவின் விஷயத்தில் செய்வதும் அதுதான். ஒரே வித்தியாசம், கை நீட்டுகிற வெளியூர்க்காரியும் நான்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தம்பியின் பிழைப்பு ஆட்டம் கண்டது. குட்டியானை வண்டி ஒன்று வைத்து, மேலூர்ச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டிருந்தான். வண்டி அடிக்கடி படுத்துக்கொண்டது. ஒருநாள் அதை விற்றுவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனிக்கு டிரைவராகப் போய்விட்டான். மாதத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிய விஷயம். இங்கே அவள், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் குழந்தைகள், அப்பா.

தம்பிக்குக் கஷ்டம் என்று கேட்டதும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வருத்தத்துக்குப் பின்னாலேயே வேறு ஒன்றும் வந்தது. சந்தோஷம். இனி அப்பா என்னிடம் வந்துதானே ஆக வேண்டும். அன்று சாயந்திரமே கொத்தனாரை வரவழைத்து, பின்பக்க அறையின் குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைக்கச் சொன்னேன். ஜன்னல் பக்கம் கட்டிலை நகர்த்தினேன். படுத்தபடியே நாகமலை முழுக்கத் தெரியும். என் கணவர் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துவிட்டு, மாமாவிடம் கேட்டாயா என்றார். கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று தெரியும்.

ஊருக்குப் போய் நேராக அவளிடமே பேச்சை எடுத்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "கூட்டிட்டுப் போங்க மதினி. மாமா வந்தா நான் என்ன சொல்லப் போறேன்" என்றாள். பறித்துக்கொண்டு போக வந்தவளுக்குத் தாராளமாக எடுத்துக் கொடுப்பதற்கு ஒரு தைரியம் வேண்டும். போனாலும் இங்கேதான் திரும்பி வருவார் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அது வரும்.

அப்பா வந்தார். ஒரு மஞ்சள் பை, இரண்டு வேட்டி. என் வீட்டில் அவர் இருந்த அழகைச் சொல்ல வேண்டும். காலையில் எழுந்ததும் போர்வையை மடித்து, தலையணையைத் தட்டி, யாரும் படுக்காத கட்டில் போல் ஆக்கிவிடுவார். ஃபேன் போட அனுமதி கேட்பார். டிவியில் என் கணவர் பார்க்கிற கிரிக்கெட்டை, தலையும் தெரியாமல் வாலும் தெரியாமல், மரியாதைக்காகக் கடைசிவரை பார்ப்பார். இரண்டு இட்லிக்கு மேல் வைத்தால் கையைக் குறுக்கே நீட்டி, "போதும்மா, போதும்மா" என்பார். தம்பி வீட்டில் அதே மனிதர், தோசை வருவதற்குத் தாமதமானால் தட்டைத் தரையில் தட்டுகிறவர்.

வீட்டுக் கடன் என் சம்பளத்தில்தான் போகிறது. இருந்தாலும் அவரைப் பொறுத்தவரை அது மாப்பிள்ளை வீடு. ஒருநாள் பேச்சோடு பேச்சாக, இது என் வீடுதான் அப்பா என்றேன். "ஆமாம்மா, ஒன் வீடுதான்" என்று உடனே ஒப்புக்கொண்டார். அவர் அப்படி உடனே ஒப்புக்கொண்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தம்பி மனைவி அப்படிச் சொல்லியிருந்தால், யார் கட்டின வீடு தெரியுமா என்று ஒரு நாள் முழுக்கக் கத்தியிருப்பார்.

அப்புறம் ஒரு வேலை செய்தேன். ஐம்பது வயது தாண்டிய, பட்டம் வாங்கிய ஒரு பெண் செய்கிற வேலையா இது என்று நீங்கள் கேட்கலாம். வேண்டுமென்றே ரசத்தில் உப்புப் போடாமல் இறக்கினேன். சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை வந்தால் போதும். கழுநீர் என்றால்கூடப் போதும். அவர் சோற்றைப் பிசைந்து, ஒரு வாய் வைத்து, ஒரு கணம் நிறுத்தி, மறுபடியும் பிசைந்தார். "நல்லா இருக்கும்மா" என்றார். பக்கத்தில் என் கணவர், என்ன இது உப்பே இல்லை என்று சத்தம் போட்டார். விருந்துக்குப் போன இடத்தில் நாகரிகம் தெரியாமல் நடந்துகொள்கிறவரைப் பார்ப்பதுபோல் அப்பா அவரைப் பார்த்தார். பிறகு தட்டைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய், அந்த ரசத்தை அப்படியே தொட்டியில் கொட்டினேன்.

பத்து நாள்கூட ஆகவில்லை. ஊரில் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்கிறதாம், போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று மஞ்சள் பையை எடுத்துக்கொண்டார். அந்த மாதம் மேலூர்ப் பக்கம் ஒரு தூறல்கூட இல்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான்தான் மாட்டுத்தாவணிவரை கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு, "ஒனக்கு ரொம்பச் சிரமம் குடுத்துட்டேன்" என்று சொன்னார். பஸ் கிளம்பியதும் பக்கத்து ஆளிடம் சத்தமாக ஏதோ பேச ஆரம்பித்தது எனக்குக் கேட்டது.

அன்று ராத்திரியே போன் செய்தேன். அவள்தான் எடுத்தாள். அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டேன். பின்னாலிருந்து, குழம்பில் இம்புட்டுப் புளியை எவள் கரைக்கச் சொன்னாள் என்று அப்பாவின் குரல் கேட்டது. சாப்பிட்டுக்கிட்டு இருக்காக மதினி, என்றாள் அவள்.

இங்கிலாந்தில் பிற்காலத்தில் வெளியூருக்குப் பிழைக்கப் போன ஏழைகள் தங்கள் சொந்தப் பாரிஷுக்கு எழுதிய கடிதங்கள் நிறைய மிஞ்சியிருக்கின்றன. முதன்முதலில் அவற்றைப் படித்தபோது நான் கெஞ்சலை எதிர்பார்த்தேன். கெஞ்சலும் உண்டு. ஆனால் பல கடிதங்களில் அதட்டல் இருந்தது. செருப்பு கிழிந்துவிட்டது, அனுப்பு. அனுப்பாவிட்டால் குடும்பத்தோடு அங்கேயே வந்து உட்கார்ந்துவிடுவேன் என்கிற தொனி. இதை என் ஆய்வில் உரிமை என்ற தலைப்பில் பெரிதாக எழுதினேன். சொந்த ஊரிடம் வாங்குகிறவன் அதட்டி வாங்குவான், அயலூரிடம் வாங்குகிறவன் கும்பிட்டு வாங்குவான் என்பதுதான் அந்த அத்தியாயத்தின் சாரம். தேர்வாளர் அதைப் பாராட்டினார். அதை எழுதியபோது என் அப்பா என் வீட்டில் எப்படிச் சாப்பிடுவார் என்பது எனக்குத் தெரியாது.

பென்ஷன் விஷயம் அதற்கடுத்த மாதம் வந்தது. அதுவும் அவள் வழியாகத்தான் எனக்குத் தெரிந்தது. அப்பா முதியோர் உதவித்தொகைக்கு மனுக் கொடுத்திருக்கிறாராம். அதிகாரி அம்மா ஊருக்கே வந்து விசாரிக்கப் போகிறாராம். எனக்குத் தலைக்கு மேல் கோபம். கல்லூரியில் வேலை பார்க்கிற மகள் இருக்கும்போது, ஆதரவு இல்லாதவர் என்று அரசாங்கத்திடம் போய் நிற்பதா? தம்பிக்குப் போன் செய்து கத்தினேன்.

"அக்கா, ஊர்ல அம்புட்டுப் பேரும் வாங்குறாக. அப்பா கையில செலவுக்கு நாலு காசு இருக்கட்டுமே" என்றான். விசாரணையில், மகன் சோறு போடுவதில்லை என்று அப்பா சொல்ல வேண்டியிருக்குமே, அது உனக்குப் பரவாயில்லையா என்று கேட்டேன். அவன் சிரித்தான். அன்றைக்கு லீவு போட்டு வந்து, அவனே அப்பாவை பைக்கில் கொண்டுபோய் விடப் போவதாகச் சொன்னான்.

எங்கள் ஊரில் இது ஒரு நடைமுறை. விசாரணை நாளில் வயதானவர்களை மகன்கள்தான் அழைத்து வருவார்கள். ஒரு தெரு முன்னாலேயே இறக்கிவிட்டு, டீக்கடையில் போய் நின்றுகொள்வார்கள். பெரியவர்கள் நடந்துபோய் அதிகாரி முன்னால் உட்கார்ந்து, பெற்ற பிள்ளை திரும்பிப் பார்ப்பதில்லை என்று சொல்வார்கள். முடிந்ததும் டீக்கடைக்கு வந்து, மகன் வாங்கித் தருகிற வடையைத் தின்றுவிட்டு பைக்கில் ஏறிப் போவார்கள். அதிகாரிக்கும் இது தெரியும். வயதானவருக்கு நிஜமாகவே கையில் ஒன்றும் இல்லை என்றால் இந்தப் பொய்யைக் கண்டுகொள்ள மாட்டார். சொல்லப்படுகிற பொய்யால் யாருக்கும் மனக்கசப்பு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

என் திட்டம் வேறு. விசாரணைக்கு நானும் போவது. அதிகாரி கேட்கும்போது எழுந்து, நான் இவருடைய மகள், சம்பாதிக்கிறேன், இவரை நான் வைத்துக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிவிடுவது. மனு அங்கேயே முடிந்துவிடும். ஊர் முன்னால் சொல்லிவிட்டால் அப்பாவும் மறுக்க முடியாது. என்னோடுதான் வந்து இருந்தாக வேண்டும். பெற்றவர்களைப் பிள்ளைகள்தான் காப்பாற்ற வேண்டும் என்று அந்த மகாராணி காலத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. வசதியுள்ள பிள்ளை எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று மேற்பார்வையாளர்கள் தேடித் திரிந்திருக்கிறார்கள். தானாகவே வந்து மாட்டிக்கொள்கிற என்னைப் போன்ற ஒரு மகள் கிடைத்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள்.

அந்த வாரம் வகுப்பில் ஊர் உரிமைச் சட்டம் நடத்தினேன். யார் எந்தப் பாரிஷுக்கு உரியவர் என்று முடிவு செய்கிற சட்டம் அது. கல்யாணமான பெண்ணுக்குப் பிறந்த ஊர் உரிமை போய்விடும், புருஷன் ஊர்தான் அவள் ஊர் என்றேன். புருஷன் செத்து, அந்த ஊரை அவள் கண்ணாலேயே பார்த்திராவிட்டாலும், அங்கேதான் அனுப்புவார்கள். முன் வரிசையில் ஒரு பெண், அப்படியானால் அவளை அங்கே யாருக்குத் தெரியும் மேடம் என்று கேட்டாள். யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டு மணி அடிப்பதற்கு முன்பே வகுப்பை முடித்தேன்.

விசாரணை ஊராட்சி அலுவலக வராண்டாவில் நடந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது எதிர் டீக்கடையில் தம்பி நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. எதுக்குக்கா வந்த என்று கேட்டான். நான் அவனைத் தாண்டிப் போனேன். வராண்டாவில் வயதானவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தம்பி மனைவி மற்றப் பெண்களோடு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றிருந்தாள். அதிகாரி சின்ன வயதுப் பெண். என்னைப் பார்த்து, உட்காருங்க மேடம் என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். அப்பா தரையில், நான் நாற்காலியில். அப்போதே எழுந்து வந்திருக்கலாம்.

அப்பாவின் முறை வந்தது. பிள்ளைகள் எத்தனை என்று அதிகாரி கேட்டார். ஒரு ஆண், ஒரு பெண் என்றார் அப்பா.

"மகன் பாத்துக்கிறாரா?"

"அவனா? அது ஒரு வெளங்காத பய. எங்க கெடக்கான்னே தெரியாது."

டீக்கடையில் நின்றவன் காதில் அது நன்றாகவே விழுந்தது. அவன் வடையைக் கடித்துக்கொண்டே இந்தப் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். வராண்டாவில் இரண்டு பேர் கனைத்தார்கள். அதிகாரி உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கினார். மருமகள் கஞ்சி ஊற்றுகிறாளா என்று கேட்டார்.

"அவளுக்கு வாய்தான் வேல செய்யும். கை செய்யாது" என்றார் அப்பா.

தொட்டிப் பக்கமிருந்து, காலையில் நாலு தோசை தின்றுவிட்டு வந்து பேசுகிற பேச்சைப் பார் என்று அவள் பக்கத்துப் பெண்ணிடம் சொல்வது எல்லோருக்கும் கேட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எல்லோருமே சிரித்தார்கள். அப்பா மட்டும் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஆனால் அவர் சந்தோஷமாக இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அடுத்தது என் முறை. என்னைப் பற்றியும் அப்படி ஒன்று சொல்லட்டும், என்னையும் ஒரு விளங்காத கழுதை என்று இந்த ஊர் முன்னால் சொல்லட்டும் என்று நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். எதற்காக வந்தேன் என்பதே மறந்துபோயிற்று.

அதிகாரி என்னைப் பார்த்தார். இவங்க யாரு என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா துண்டைச் சரி செய்துகொண்டார். குரல் இறங்கியது. "எம் மக. காலேசுல வாத்தியாரா இருக்கு. தங்கமான பிள்ளை. கேட்டா எம்புட்டுன்னாலும் குடுக்கும்." பார்வை தரைக்குப் போனது. "கேக்கத்தான் கூச்சமா இருக்கு."

அன்று அந்த வராண்டாவில் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான். சிரிப்பு நின்றுவிட்டது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நீங்க பாத்துக்கிறீங்களா மேடம்?" என்று கேட்டார். அவரும் தர்மசங்கடப்பட்டார். நான் ஆம் என்றால் அவருக்கு வேறு வழி இல்லை. நான் திட்டம் போட்ட இடத்துக்கே எல்லாம் வந்து நின்றது. ஆம் என்ற ஒரு வார்த்தையில் அப்பா என் வீட்டுக்கு வந்துவிடுவார். வந்து, தினமும் போர்வையை மடித்து வைப்பார்.

"நான் ஒண்ணும் குடுக்கிறதில்லைங்க" என்றேன். "வருசத்துக்கு ஒருக்க வந்து எட்டிப் பாத்துட்டுப் போறேன். அதோட சரி."

சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. நானும் அந்த ஊரில் ஒருத்தியாகிவிட்டேன், நானும் ஒரு பொய்யைப் போட்டுவிட்டேன் என்று இருந்தது. சிரிக்கப் போகிறவர்களுக்காகத் திரும்பிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் இருந்த ஒரு கிழவி என் புடவையையும் கைப்பையையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினாள். தொட்டிப் பக்கம் என் தம்பி மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அதிகாரி, சரிங்க என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார். அவர் அதை நம்பிவிட்டார். எல்லோருமே நம்பிவிட்டார்கள்.

அப்பா அவசரமாகக் கையூன்றி எழுந்தார். அதிகாரியின் மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

"அப்பிடி எழுதிராதீகம்மா. அது நல்ல பிள்ளை. அந்தச் சொல்லு அதுக்கு வரக் கூடாது. எனக்குப் பென்ஷன் வேணாம்னாலும் சரி, அத மட்டும் எழுதிராதீக."

அதிகாரி எழுதாமல் நிறுத்தினார். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்க்காமல் கையைக் கூப்பியபடியே நின்றார். தம்பியைப் பற்றிச் சொன்னதை அழிக்கச் சொல்லி அவர் கேட்கவே இல்லை.